கரி விழுந்த வருஷங்கள்

எங்கள் தோட்டம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.
ராயபுரத்தில் மூன்றாவது மாடி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அறுத்த பீப்பாய்,
அதில் ஒரே ஒரு பன்னீர் திராட்சைக் கொடி.
பந்தல் கம்பி, கஸ்பார் துறைமுகத்திலிருந்து
கொண்டுவந்தது.
கேட்டால் கழித்துப் போட்டது என்பார்.
அவர் ஓட்டும் கிரேன் மாதிரியே
அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

நல்ல வருஷத்தில் ஏழு கிலோ.
ஏழு கிலோவுக்கு இரண்டு கட்சி.

நாத்தனார் பெர்னதெத் சர்க்கரைக் கட்சி:
கிலோவுக்குக் கிலோ, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு,
நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை கொஞ்சம்.
கஸ்பார் எதையும் சேர்க்காத கட்சி.
"பழம் சொல்ல வேண்டியத அதுவே சொல்லட்டும்,
நீ ஏன் குறுக்கப் பேசற?"
ஆகவே இரண்டு பீங்கான் ஜாடி.
இரண்டையும் கிளற ஒரே அகப்பை, அது என் கையில்.
இருபத்தோரு நாள், விடியற்காலைப் பூசைக்கு மணி அடிக்கையில்,
ஒரே பக்கமாக.
ஜாடி மாறும்போது அகப்பையை நான் கழுவியதில்லை.
இதை இருவரிடமும் சொன்னதில்லை.

பழம் கழுவுவதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.
அப்போதெல்லாம் துறைமுகத்தில் கரி இறங்கும்.
மதியம் கடல்காற்று திரும்பியதும்
படியேறி வந்து கொடியில் உட்காரும்.
வெள்ளைத் துணியை மாடியில் காயப்போடும் வீடு
எங்கள் தெருவில் கிடையாது.
ஒவ்வொரு பழமாக உப்புத் தண்ணீரில் உருட்டுவோம்.
முதல் தண்ணீர் கறுப்பு.
இரண்டாவதும் கறுப்பு.
மூன்றாவது, விபூதி கரைத்த மாதிரி.
நாலாவதுக்குக் குடத்தில் தண்ணீர் இருந்ததில்லை,
லாரி நாளை மறுநாள்தான்.

பண்டிகைக்கு முந்தின ராத்திரி
கீழ்வீட்டு ஏட்டு தணிகாசலம் கதவைத் தட்டுவார்.
சட்டம் பேச அல்ல, டம்ளரோடு.
கண்ணை மூடி ஒரு வாய் வைத்திருந்து விழுங்கி,
"இன்னாவோ ஒண்ணு கீதும்மா இதுல" என்பார்,
"கடைச் சரக்குல இல்லாதது."
எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு கரி வடக்கே போனது, எண்ணூருக்கு.
இலை இத்தனை பச்சை என்று அந்த வருஷம்தான் தெரியும்.
பெர்னதெத் ஒரு வெள்ளைப் போர்வையைத் துவைத்து விரித்து
காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பதினொரு கிலோ பழம். முதல் தண்ணீரே தெளிவு.

டிசம்பரில் ஜாடிகளைத் திறந்தோம்.
ஒன்று இனித்தது. ஒன்று புளித்தது.
அதற்கு மேல் ஒன்றும் இல்லை.
ஏட்டு இன்னொரு டம்ளர் கேட்கவில்லை.
கஸ்பார் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து,
"சுத்தமா இருக்கு" என்றார்,
யார் மேலோ புகார் சொல்வதுபோல.

அடுத்த ஜூனில் பெர்னதெத்துக்கு மாற்றல்,
எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு.
கவாத்தில் வெட்டிய குச்சி ஒன்றை
ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனாள்,
வாடகை வீட்டு பால்கனிக்கு.

மூன்றாம் கிறிஸ்துமஸுக்கு
பஸ்ஸில் ஒரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.
தொண்டை கம்மியிருந்தது.
கஸ்பார் ஒரு வாய் குடித்தார்.
இன்னொரு வாய்.
"அதேதான்! அதே ருசி!"
ஏட்டைக் கூப்பிடப் படியிறங்கி ஓடினார்.

"எத்தனை தண்ணியில கழுவின?" என்றேன்.
இருமல் விடவில்லை.
ஒரு கை முழுக்க விரித்துக் காட்டி
மறு கையில்
இன்னும் ஒரு விரல்.