சீட்டு எண் 72

சந்திப்பு நிலையத்தில்
பொருள் பாதுகாப்பு அறைக்கு
மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி.
கம்பிக்கு உள்ளே இருக்கிறவனுக்குப் பெயர் கிடையாது.
ஹலோ என்பார்கள், பாஸ் என்பார்கள்,
நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டவரும் உண்டு,
மறியைக் கூப்பிடுகிற மாதிரி.
எல்லோருக்கும் நான் கொடுப்பது
ஒரே மஞ்சள் சீட்டு.

கோயமுத்தூர்க்காரர் ஒருவர்
"பாத்து வைங்க, உள்ள கண்ணாடிச் சாமானுங்க,
உங்களுக்குச் சிரமந்தானுங்க" என்று
ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஒரு மெத்தை போட்டார்.
மூன்றாம் நாள் பெட்டியை எடுக்க வந்தவர்
அதே மெத்தையில் என்னைப் படுக்க வைத்து
ஒரு நாள் வாடகையைக் கழித்துக்கொண்டார்.
என் கைக்காசு போயிற்று.
இப்போதும் அவர்மேல் கோபம் வர மாட்டேன் என்கிறது.

குற்றாலத்துக்கு வந்த மெட்ராஸ் பையன்களோ
"இன்னாய்யா, தூங்கினுகீறியா?"
தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.
திரும்பும்போது கம்பி வழியே
ஒரு பொட்டலம் பார்டர் பரோட்டா வந்தது.
சால்னா ரிஜிஸ்தர்மேல் வடிந்தது.
ஏசவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று.
சீட்டை வாங்க ஒரு நன்றி,
பேனாவைத் திருப்பித் தர ஒரு நன்றி,
வழியில் நின்ற என் நாற்காலி நகர்ந்ததற்கு ஒரு நன்றி.
எங்கள் தெருவில் அந்தச் சொல்
நாயைப் பற்றிப் பேசும்போது வரும்,
இல்லாவிட்டால் மைக்கில் வரும், கூட்டம் கலைகிற நேரத்தில்.
அலமாரி முழுக்க மற்றவர் பெட்டி.
இதை எங்கே வைக்க?

போன ஆனியில் என்மேல் ஒரு புகார்.
கும்பகோணத்து அம்மாள், முத்து முத்தான கையெழுத்து:
"என் கணவரை 'என்னவே' என்று அழைத்தார்."
விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.
ஐயா, எங்கள் ஊரில் 'வே' என்பது
வயதுக்கும் வேட்டிக்கும் கொடுக்கிற இடம்.
மேலதிகாரிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்.
அவர் நம்பவில்லை.
மேற்பார்வையாளர் முப்பிடாதிதான் ஆறுதல் சொன்னார்:
"விடும்வே, மூஞ்சியவாவது கொஞ்சம் மாத்தும்."

இதற்கெல்லாம் பிறகுதான் அவள் வந்தாள்.
போலந்து. கூந்தன்குளத்தில்
இருபது நாள் பறவை பார்த்தவள்.
நெற்றித் தோல் உரிந்து கிடந்தது.
பள்ளிக்கூடத்துப் பயல்களிடம் தமிழ் படித்திருக்கிறாள்,
வேறு ஒருவரிடமும் படிக்கவில்லை என்பது
வாயைத் திறந்ததும் தெரிந்துபோயிற்று.

"ஏலே, எம்பை இருக்காலே?"

வரிசை மொத்தமும் திரும்பியது.
போர்ட்டர் ஒருவன் பீடியை விழுங்கப் பார்த்தான்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது.
வண்ணமுத்து சார்ஜாவுக்குப் போன பிறகு
அந்த ஒற்றை எழுத்தால் என்னை யாரும் தொட்டதில்லை.
வீட்டில் 'இந்தாங்க', பேங்கில் 'கஸ்டமர்'.

பதிலுக்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு.
'இருக்குட்டி.'
நாக்குக்கடியில் வந்து நின்றேவிட்டது.
அப்புறம் கழுத்து அட்டை,
காக்கிச் சட்டை, அந்த முத்து முத்தான கையெழுத்து.

"இருக்குங்க மேடம்" என்றேன்.
அந்த 'ங்க' யாரிடம் வாங்கியது என்று
உங்களுக்குத் தெரியும்.

அவள் முகம் சட்டென்று சாத்திக்கொண்டது,
ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட பிள்ளைபோல.
"சாரி சார்" என்றாள்.
சில்லறையை எண்ணி வைத்தாள்.
போகும்போது, நன்றி.

சாயங்காலம் முப்பிடாதி
புகார்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
எழுபத்திரண்டாம் சீட்டுக்காரி, இங்கிலீசில் ஒரே வரி.
எழுத்துக்கூட்டி வாசித்தார்:
ஊழியர் மிகவும் மரியாதையானவர்.

"பரவால்லவே" என்றார்,
"திருந்திட்டீரு."