கிளவுசன் கணவாயில் நாற்பது நிமிடம்

உன்டர்ஷேகன் தாண்டி எட்டாவது கொண்டை ஊசி வளைவு.
முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.
எழுபத்தொன்றில் கொவென்றியில் செய்த பச்சைக் கார்,
எங்கள் இருவருக்கும் மூத்தது.

சாரங்கன் ஓரம் கட்டினான்.
விற்கத்தான் கொண்டுபோகிறோம். லின்தாலில்
ஒரு பல்வைத்தியர் மூன்று மணிக்குக் காத்திருப்பார்.
வீடு பிரித்தாயிற்று, வங்கிக் கணக்கும்.
பிரிக்க முடியாமல் மிஞ்சியது இது.

பொனற்றைத் தூக்கியதும் றேடியேற்றர் மூடிக்குக் கையை நீட்டினான்.
"தொடாதே."
உள்ளே ஒரு வில், பதின்மூன்று பவுண்டுப் பிடிவாதம்.
அது அழுத்தும்வரை
நூறு பாகை கடந்தும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.
திறந்த கணம் ஆவியாய் முகத்துக்கு வரும்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா?
கீழே ஆறு இரைந்தது.
ஆறிவிட்டதா என்று ஆறு தரம் கேட்டான்.
மாடுகள் மணியசைத்து எங்களைச் சுற்றிப் போயின,
ஒன்று நின்று பம்பரை நக்கியது.

பக்கத்தில் வெள்ளைப் போத்தல், அதற்கொரு ரப்பர்க் குழாய்.
சூட்டில் பெருகும் தண்ணீருக்கு உள்ளே இடம் காணாது;
வில்லைத் தள்ளிக்கொண்டு இங்கே வந்து இருக்கும்.
எஞ்சின் ஆற ஆற
மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வு
எதிர்ப்பக்கம் திறந்து
போனதைத் திரும்ப உறிஞ்சும்.

உறிஞ்சவில்லை.
குழாயில், கிளிப்புக்கு அடியில்,
நகத்தால் தடவினால்தான் தெரிகிற வெடிப்பு.
போகும்போது தண்ணீர் போயிருக்கிறது,
வரும்போது காற்றுத்தான் வந்திருக்கிறது.

ஏழு கோடை.
அவன் தெர்மோஸ்டாட்டை மாற்றினான், பம்பை மாற்றினான்,
பேர்னில் அறுநூறு பிராங் கொடுத்து றேடியேற்றரைக் கழுவுவித்தான்.
நான் அவன் வேகத்தைக் குறை சொன்னேன்.
இருவரும் போத்தலைத்தான் பார்த்தோம்.
அது எப்போதும் நிறைந்திருந்தது.

நகவெட்டும் கத்தரியால் வெடித்த துண்டை நறுக்கி
மிச்சக் குழாயைக் கழுத்தில் ஏற்றினேன்.
குடிக்க வைத்திருந்த ஒன்றரை லீற்றரையும்
அது குடித்தது.
"அப்ப விலையைக் கூட்டலாம்" என்றான்.

லின்தாலில் கையெழுத்தெல்லாம் முடிய
காரும் ஆறியிருந்தது.
குனிந்து பார்த்த பல்வைத்தியரின் நெற்றி சுருங்கியது:
போத்தலில் ஒரு விரல்கடை குறைவு.
"கசிகிறதா?"

"இல்லை. திரும்பிப் போயிருக்கிறது."

சாரங்கன் தாள்களை
இரண்டு அடுக்காக எண்ணிக்கொண்டிருந்தான்.