சனிக்கிழமை, இரண்டாம் ஆட்டம்

கடத்தியவன் முகமூடியைக் கழற்றியதும்
பின்வரிசையில் ஒருவன் சொன்னான்:
"டிரைவர்தாண்டா. நான் அப்பவே சொல்லல?"
அஞ்சலாட்சி என் முழங்கையில் இடித்தாள்.
இருட்டில் சிரித்தாளா என்று தெரியவில்லை.

இடைவேளை வரை
குழந்தைக்காக யாரும் பயப்படவில்லை.
அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வளைந்து இறங்கும் மாடிப்படி,
சுவர் அகலத்துக்கு மீன்தொட்டி,
குளியலறைக்குள் ஒரு சோபா.
"குளிக்கிற எடத்துல எவன்டா உக்காருவான்?"
ழெராரின் குரல். கொட்டகையே சிரித்தது.
பதினைந்து கோடி என்று போனில் கேட்டபோது
ஒரு விசில்கூட இல்லை.
ஐந்து லட்சம் என்றிருந்தால் மூச்சு நின்றிருக்கும்.
கோடி
எங்களுக்குப் பாஷை தெரியாத ஊர்.

சமோசா வரிசையில் ழெரார் கணக்குப் போட்டான்.
ஐந்நூறு ரூபாய்த் தாள் என்றால் மூன்று லட்சம் தாள்,
தாளுக்கு ஒரு கிராம்,
முன்னூறு கிலோ.
"ஒத்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஓடுறானே,
கடலூர் துறைமுகத்துல என்கூட
ஒரு நாள் மூட்டை தூக்கச் சொல்லு."

அப்புறம் அந்த அப்பா "பத்துக்கு முடிச்சுக்க" என்றார்.
அங்கேதான் முதல் விசில்.
முன்வரிசைப் பெண் மட்டும்
தோளில் தூங்கிய பிள்ளையை
மடிக்கு இறக்கிக்கொண்டாள்.

சமையல்காரி, வாட்ச்மேன், டிரைவர்
வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள்.
இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனை அறைந்தார்.
அந்த ஒரு அறைக்கு
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பாப்கார்ன் சத்தம்கூட நின்றிருந்தது.

மகளுக்கு ஆபரேஷன் என்று டிரைவருக்கு ஒரு பிளாஷ்பேக்.
சுடப்பட்டு அவன் விழுந்தபோது
பாதிப் பேர் கைதட்டினார்கள்,
மீதிப் பேர் செருப்பைத் தேடினார்கள்.

"நல்லவேளை, உனக்கு பிளாஷ்பேக் இல்ல," என்றாள் அஞ்சலாட்சி,
நெல்லித்தோப்பு வரை
பைக்கில் என் முதுகில் சாய்ந்தபடி.

திங்கட்கிழமை ஏழரை.
துய்மா வீதி, மஞ்சள் சுவர்,
கேட்டுக்கு மேலே வழியும் காகிதப்பூ.
தாரிகா எப்போதும் தனியாகத்தான் வருவாள்,
ஷூ லேஸைக் கட்டாமல், வாயில் பாதி தோசையோடு.
இன்று அம்மாவும் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"நேத்து ஒரு படம் பார்த்தோம் கலிவரதன்.
நல்லா எடுத்திருக்கான்.
நீங்க பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்?
டிக்கெட்டின் கிழிந்த பாதி
சட்டைப் பையிலேயே இருந்தது.

"டிரைவர் அங்கிள்தான் வில்லன்!" என்றாள் தாரிகா.
"யாருமே கண்டுபிடிக்கல. நான் மட்டும்..."
"தாரிகா, தோசையை முழுங்கு."

கண்ணாடியில் பார்த்தேன்.
அம்மா மடியில் போன்,
போனில் ஊரின் வரைபடம்,
அதில் ஒரு நீலப் புள்ளி
மெல்ல நகர்கிறது.
நான் பிரேக் போட்டால் அதுவும் நிற்கிறது.

புஸ்ஸி வீதியில் பள்ளம் தோண்டி
தகரம் வைத்து மறித்திருந்தார்கள்.
இடது பக்கம் ஒரு சந்து உண்டு,
மரநிழல் உள்ள சந்து,
ஆள் நடமாட்டம் கம்மி.
மழை நாளெல்லாம் அதில்தான் போயிருக்கிறோம்,
தாரிகா பாட, நான் தப்புத் தப்பாகக் கூடப் பாட.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக்
காத்திருந்தேன்.

"திரும்பட்டுமாம்மா?"