நான்கு விரற்கடை

த்ரியெஸ்தேயில் போரா காற்று
ஆளைப் பிடித்துத் தள்ளும் சனிக்கிழமை.
கால்வாய்ப் பாலத்தருகே என் சாணைக் கடைக் கதவைத்
தோளால் முட்டித் திறந்து வந்தாள் நிவெஸ்.
கையில் நாளிதழில் சுற்றிய நீளக் கத்தி.

கத்தி பேசும் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.
முனை ஒடிந்திருந்தால் அந்த வீட்டில் யாரோ
டப்பா மூடியை நெம்புகிறார்கள்.
கண்ணாடித் தட்டில் எலுமிச்சை அரிபவர்களை
அலகின் வயிற்றைப் பார்த்தே பிடித்துவிடுவேன்.
இடக்கைக்காரர்கள்,
பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கத்தியைப் போடும் பாவிகள்,
விவாகரத்து முடிந்து பாதி செட்டோடு வருகிறவர்கள்.

நிவெஸின் கத்தியில் ஒரு குறையும் இல்லை.
மெலிந்த, வளைகிற அலகு.
துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் நாற்பது வருஷம்
வெந்த பன்றித்தொடையைச் சீவியது,
அடியில் வைத்த அச்செழுத்து தெரிகிற மெலிசில்.

"மழுக்கித் தர முடியுமா?" என்றாள்.

காதில் சரியாக விழவில்லையென்று
சாணையை நிறுத்தினேன்.
"அப்பாவுக்குக் கை நடுங்குகிறது.
ஒளித்து வைத்தால் சாப்பிட மாட்டேன் என்கிறார்.
கையில் இருக்கட்டும். வெட்டாமல் இருந்தால் போதும்."

இருபத்தாறு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
மழுக்குவதிலும் வேலை இருக்கிறது.
அலகை நெட்டுக்குத்தாக நிறுத்தி, தண்ணீர் விட்டு,
நுண்கல்லில், மூச்சு விடும் வேகத்தில்,
பளபளப்புக் குறையாமல்.
பார்த்தால் கத்தி. தொட்டால் கரண்டி.
கூர் போடும் அதே கூலி, எட்டு யூரோ.
அன்று மதியம் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
இறங்கியது.

பதினோராம் நாள் அவரே வந்தார், எர்மன்னோ.
காற்று தொப்பியைக் காதுவரை இறக்கியிருந்தது.
கத்தியை மேசையில் வைப்பதற்குள்
மரத்தில் அது தட்தட்டென்று தந்தி அடித்தது.

"இது மழுங்கியது இல்லை," என்றார். "மழுக்கியது.
தானாக மழுங்கினால் மேடு பள்ளம் இருக்கும்.
இது கோடு கிழித்த மாதிரி.
கை தெரிந்த ஆள் செய்திருக்கிறான்."

இந்தத் தெருவில் கை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.
"நான்தான்," என்றேன்.
"எவ்வளவு வாங்கினாய்?"
"எட்டு."
"ஏமாந்துவிட்டாய். இதற்குப் பன்னிரண்டு தரலாம்."

மகளின் பெயரை இருவரும் எடுக்கவில்லை.
கட்டைவிரல் நகத்தால் அலகில் ஒரு கீறல் போட்டார்,
கீறலும் நடுங்கியது.
நான்கு விரற்கடை தள்ளி இன்னொன்று.
"இங்கிருந்து இதுவரை.
நுனி வேண்டாம், அதுதான் எகிறுகிறது.
பிடிப்பக்கமும் வேண்டாம்,
இடது கை வழுக்கி அங்கே போய் நிற்கிறது."

தன் நடுக்கத்தை அளந்து வைத்திருந்தார் மனிதர்,
தையற்காரர் தோளை அளப்பதுபோல.

இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையாலேயே தீட்டினேன்.
பிசிறு எழுந்ததும் தோல்வாரில் இழுத்தேன்.
ரசீதுத் தாளில் பதம் பார்த்தோம்:
நுனி தாளை மடக்கியது,
நடு சத்தமே இல்லாமல் பிளந்துகொண்டு போனது,
அடி மறுபடியும் மடக்கியது.
பன்னிரண்டு யூரோவை எண்ணி வைத்தார்,
நாணயங்கள் உருளாமல் உள்ளங்கையால் மூடி.

மார்ச் கடைசியில் நிவெஸ்
தையல் கத்தரிக்கோலோடு வந்தாள்.
வலது ஆள்காட்டி விரலில் கட்டு.
மொட்டைக் கத்திதானே என்று அசட்டையாகக் கழுவியிருப்பாள்,
நடுவில் பதம் பார்த்திருக்கும்.
நான் கட்டைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"வியாழக்கிழமை கிடைக்குமா?"
"கிடைக்கும்."

கதவைத் திறந்தவள், காற்றை முதுகால் தடுத்துக்கொண்டு,
கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள்:
"அதற்கு எத்தனை நாளுக்கொருமுறை கூர் போட வேண்டும்?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை.
"மாதம் ஒருமுறை போதும்," என்றேன்.
"அவரையே அனுப்பு.
அளவு அவரிடம் இருக்கிறது."