முப்பத்தோராம் நிமிஷம்

செந்தூலில் பதினோராம் மாடி.
பதிவு தொடங்குமுன் ஐஸ்பெட்டியை அணைப்போம்,
அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும் என்று.
முடிந்ததும் திரும்பப் போட மறப்போம்.
எங்கள் பாட்காஸ்டுக்காக இதுவரை புளித்தது
ஒன்பது பெட்டிப் பால்.

கேட்பவர்கள் நாற்பத்தொரு பேர்.
அதில் மூன்று பேர் நான்.

இப்படியே விட்டால் ஆகாது என்றாள் மோகனவல்லி.
லோ யாட்டில் நானூற்று எண்பது ரிங்கிட்டுக்குப் புது மைக்.
சுவரெங்கும் முட்டைத் தட்டு.
முட்டைத் தட்டு உதவாது என்று யாரோ சொல்ல
பழைய மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தோம்.
தொடக்க இசையில் தவில் அதிகம் என்று எடுத்து
தவில் இல்லாமல் சப்பென்று இருக்க
திரும்ப வைத்தோம்.
முகப்புப் படத்தில் என் மூக்கைச் சற்றுச் சுருக்கினாள்.
நாற்பத்து மூன்று ஆனது.

அந்த வாரம் பாக்கியலெட்சுமி வந்தார்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பத்தொன்பது வருஷமாய் இரவு வேலை.
கைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை.
"விரிப்பப் பாத்தாலே எந்த வார்டுன்னு தெரியும் தம்பி.
பிள்ளைங்க வார்டுன்னா பென்சில் கிறுக்கல் இருக்கும்."

நள்ளிரவில் வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன்.
திரையில் அவர் குரல் சின்னச் சின்ன மேடு.
என் குரல் வருமிடமெல்லாம் சுவர்.
முப்பத்தோராம் நிமிஷம்:
"ஒரு நாளு, ஒரே ஒரு போர்வ மட்டும்..."
பிறகு ஒரு மூச்சு,
உள்ளே இழுத்தது, இன்னும் வெளியே விடாதது.
அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு நான்:
"அருமைக்கா, அருமை! சம்பளமெல்லாம் எப்படி?"

எதைக் கேட்டுவிட்டு அருமை என்றேன்?

சம்பளத்தைச் சொன்னார்.
ஓவர்டைம் சொன்னார், சொக்சோ பிடிப்பதைச் சொன்னார்.
போர்வை திரும்பி வரவில்லை.

பழைய பாகங்களைத் திறந்து பார்த்தேன்.
நடு மாடியில் லிஃப்டோடு நின்றுபோன இரவை
ஞானப்பிரகாசம் சொல்ல வாயெடுக்க
நான் முந்திக்கொண்டு சிரித்திருக்கிறேன்.
எண்ணிக்கொண்டே போய் ஏழாவதில் நிறுத்தினேன்.
மணி மூன்று.
புது மைக் நல்ல மைக்தான்.
நான் கேட்காமல் விட்டதையெல்லாம்
எவ்வளவு துல்லியமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

மறுநாள் கூப்பிட்டேன்.
பின்னால் யந்திரங்கள் சுழலும் சத்தம்.
"எந்தப் போர்வ? அப்டியா சொன்னேன்?
ஞாபகம் வந்தா சொல்றேன் தம்பி."
அவர் சொன்ன விதத்திலேயே ஞாபகம் இருந்தது.
அது மட்டும் இப்போது எனக்குக் கேட்டது.

"ஒன் கேள்விய வெட்டிடு" என்றாள் மோகனவல்லி,
"யாருக்கும் தெரியாது."
ஒரே மைக், ஒரே கோடு.
வெட்டினால் மூச்சும் சேர்ந்து போய்விடும்.
அப்படியே விட்டோம், என் அருமையோடு.

இன்று சனிக்கிழமை.
விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளுக்கு
ஆள் தேடும் ரூபாவதி வந்திருக்கிறார்.
"சில பெட்டிய யாருமே கேட்டு வரமாட்டாங்க" என்றவர்
அங்கேயே நின்றுவிட்டார்.
மேசைக்கடியில் என் தொடையை நானே கிள்ளுகிறேன்.
பக்கத்து வீட்டில் யாரோ சம்பாலுக்கு இடிக்கிறார்கள்.
சன்னலில் மழை தொடங்கிவிட்டது.
ஐந்து விநாடி.
மெத்தை லேசாகச் சரிகிறது.
ஒன்பது.
மோகனவல்லி என்னை முறைக்கிறாள், கேள் கேள் என்று.
அணைந்த ஐஸ்பெட்டிக்குள்
பத்தாவது பெட்டி மெல்லப் புளிக்கிறது.

ரூபாவதி மூச்சை உள்ளே இழுக்கிறார்.