குளிர்பதனம், நிலை நான்கு

பாடநெறி இலவசம் என்றுதான்
நோர்வூட் பஸ் தரிப்பிடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
மழைக்கு 'இலவசம்' மட்டும்
ஊதா மையாய் வழிந்தது.

கொழுந்து நிறுத்த துண்டின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்:
ஹட்டனுக்குப் போகவர இருநூற்று நாற்பது,
மாதம் இருபது நாள், எட்டு மாதம்.
இரும்பு முனை வைத்த சப்பாத்து.
மல்டிமீட்டர், அதுவும் சொந்தமாக வேண்டுமாம்.
மத்தியானத்துக்கு ரொட்டி கட்டிப்போனால்
அந்த வரி மிச்சம்.

பிறகு என் பெயர்.
அடையாள அட்டையில் நான் தவராணி,
பிறப்புச் சான்றிதழில் தவராஜா.
எவனோ ஒரு பதிவாளர்
மத்தியானத் தூக்கத்தில் எனக்கு மகுடம் வைத்துவிட்டான்.
இறக்கிவைக்க
சத்தியக்கடதாசி, முத்திரை, நுவரெலியாவுக்கு இரண்டு நடை:
மூவாயிரத்து அறுநூறு.
ராஜ்யத்தை விடுவதற்கும் காசு வேண்டியிருக்கிறது.

புடவைக்கடையில் நான் வாங்காமல் விடப்போகும்
எட்டு மாதச் சம்பளத்தை
எந்தப் பக்கம் எழுதுவது?
கையைவிட்டுப் போகவில்லை, கைக்கு வரவும் இல்லை.
ஆனால் கூட்டிப் பார்த்தால்
அதுதான் எல்லாவற்றையும் விழுங்குகிறது.

வரவுப் பக்கம்:
கொழும்பில் ஐம்பத்தைந்தாயிரம் என்கிறார்கள்,
போடிங் வாடகை போக என்ன மிஞ்சும் என்று
யாரும் சொல்லவில்லை.
போன பிரிவில் முடித்த டென்சில்
சான்றிதழை லேமினேட் பண்ணி
ஓட்டோவுக்குள் தொங்கவிட்டிருக்கிறான்,
எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில்.
"சும்மா கெடக்கட்டும், கண்ணு படாது" என்றான்.

ஆனாலும் போனேன்.
பதினாறு பையன்கள், நான்.
தகரத்தில் மழை இரைச்சல், பேசினால் வாயில் புகை.
இந்தக் குளிரில் உட்கார்ந்து
குளிர வைப்பது எப்படி என்று படித்தோம்.
திலகசிரி சேர் சிங்களத்தில் சொல்வார்,
'சூடு', 'குழாய்' இரண்டும் மட்டும் தமிழில்.
கம்ப்ரெசரோடு சேர்த்து சிங்களமும் பிடிபட்டது;
பின்னதுக்கு நிலையும் இல்லை, நம்பரும் இல்லை.

முதல் வாரமே சொன்னார்:
குளிர் என்று ஒன்றை யாரும் செய்வதில்லை.
உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து
வெளியே விடுகிறோம், அவ்வளவுதான்.
பெட்டியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள்.
தொட்டேன். சுட்டது.

ஐந்தாம் மாதம்
மூணாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது.
அம்மாவுக்குப் பதினேழு இடம்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
நர்ஸ் நகையைக் கழற்றச் சொன்னாள்.
காதில் ஈர்க்குத்தான் இருந்தது.
எப்போதிலிருந்து என்று நான் கவனிக்கவில்லை.
மல்டிமீட்டர் வாங்கிய மாதமாய் இருக்கும்.
முகம் வீங்கி, கண் திறக்காமல்
"இன்னைக்கு அரைப்பேராவது போடுவாங்களா, கேட்டியா?" என்றாள்.
முதுகில் ஈரத்துணி வைத்தேன்.
துணி சூடாகிச் சூடாகி வந்தது.

புடவைக்கடை முதலாளி போன் எடுத்தார்:
"ஆள் கொறையுது. வெள்ளிக்குள்ள சொல்லு."
பாதியில் விட்டால் பாதிச் சான்றிதழ் கிடையாது,
விசாரித்துவிட்டேன்.

புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகையில்
நோர்வூட் மீன்கடையில் பெரிய பெட்டி நின்றுபோயிருந்தது.
ஐஸ் தண்ணீராகிக் கானில் ஓடிக்கொண்டிருந்தது.
வகுப்புப் பை தோளில்தான் இருந்தது.
"பையன் யாரும் வரலையா?" என்றார் நிஸ்தார் நானா.
ரிலே கருகியிருந்தது.
பின்னால் கிடந்த பழைய பெட்டியிலிருந்து
ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுக்
காத்திருந்தோம்,
அவரும் நானும் இரண்டு பூனைகளும்.
உறுமல் வந்தது.

ஆயிரத்தைந்நூறு தந்தார்.
கூடவே அரைக் கிலோ சாளை,
கொஞ்சம் இளகியது,
இன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

பஸ்ஸில் துண்டை விரித்தேன்.
ஆயிரத்தைந்நூறுக்கு ஓரத்தில் இடமிருந்தது.
மீனை எழுத இடமில்லை.
நாளை வியாழன்.