இறங்கும் குரல்

பிளேன்ரீயில் சீனியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள் நஸ்லிமா,
மழை வரும்போல இருக்கு என்பதைப் போல:
"கோவிக்க மாட்டீங்கதானே சேர்?
பொம்புளையள் சாட்சி சொல்லக்குள்ள
ஒங்கட குரல் எறங்குது."

கிண்ணியாப் பாலம் கடந்து தினமும் வருகிறவள்.
ஆறு வருடமாக என் இடப்பக்க மேசையிலிருந்து
நான் சொல்வதையெல்லாம் தட்டச்சில் இறக்குகிறவள்.

பத்தொன்பது வருடமாகத்
தமிழை எடுத்துச் சிங்களத்தில் வைக்கிறேன்,
சிங்களத்தை எடுத்துத் தமிழில்.
ஒரு சொல்லும் சிந்தியதில்லை என்று
மூன்று நீதவான்கள் எழுதித் தந்திருக்கிறார்கள்.
அதைச் சொன்னேன்.
"சொல் இல்ல சேர். சத்தம்."

கோபிக்க மாட்டேன் என்றவன் கோபித்தேன்.
மைக் பழசு என்றேன்.
மின்விசிறி இரைகிறது என்றேன்.
கடைசியில், அது அவர்களின் துயரத்துக்கு
நான் கொடுக்கும் மரியாதை என்றேன்.
அவள் கோப்பையைக் கழுவிக்
கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
பழத்தோலுக்காகக் காத்து நின்றது.
சுற்றிவரப் பார்த்துவிட்டு அதற்குச் சாட்சி சொன்னேன்.
"அவன் என்ர வேலியைத் தள்ளிப் போட்டவன்."
காதைத் திருப்பியது.
"அவர் எனக்கு அடிச்சவர்."
அது பழத்தோலைத் தின்னத் தொடங்கியிருந்தது.

பிறகுதான் கேட்கத் தொடங்கினேன்.
கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை,
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான்.
பதிவறைக் குணதிலக்க சிரித்தார்:
சிங்களத்தில் 'இல்லை' என்பதை
நீ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்கிறாய்.
சட்டத்தரணி அலோசியஸ் தோளில் தட்டினார்:
உன்னில் ஒரு குறையுமில்லை, வயசு போகுது, அவ்வளவுதான்.
அது இனித்தது.
அதனால் அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

பவளராணி பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
கத்தி நிற்கவில்லை.
"உங்கட தங்கச்சியிட்ட என்ர கதையைச் சொல்லேக்கையும்
அப்பிடித்தான். நான் கத்தினது
உங்கட வாயில முனகலாப் போகும்."
முந்தியே சொல்லியிருக்கலாமே என்றேன்.
"சொன்னனான். ரெண்டு தரம். சத்தமாத்தான்."

அன்றிரவு உட்துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதியது.
யாருக்கு ஊதுகிறது என்று தெரியவில்லை.
நெடுநேரம் விழித்துக் கிடந்து
இதுவரை நான் தாழ்த்திய வாய்களை எண்ணிப் பார்த்தேன்.
முகங்கள் வந்தன, வழக்கிலக்கங்கள்கூட வந்தன.
அவர்களுடைய குரல் ஒன்றுகூட
நினைவுக்கு வரவில்லை.
எல்லாரும் என் குரலிலேயே பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை, பராமரிப்பு வழக்கு.
சாம்பல்தீவுப் பெண், கூண்டின் கம்பியைப் பிடித்தபடி:
"சோத்துக் கோப்பையை எறிஞ்சவர்.
அது பிள்ளையில பட்டது."
தொடங்கினேன். பாதி வசனத்தில்
என் குரல் படியிறங்குவதை
முதன்முதலாக நானே கேட்டேன்,
பக்கத்து வீட்டில் யாரோ இறங்குவதுபோல.

நிறுத்தினேன்.
மன்னிக்க வேண்டும் கனம் நீதவான் அவர்களே,
சாட்சி சொன்னது இப்படியல்ல என்று
திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.
கோப்பை எறியப்பட்டது.
பிள்ளையில் பட்டது.
நீதவான் பேனாவிலிருந்து தலை நிமிர்த்தினார்.
பின்வாங்கில் தூங்கிய பொலிஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.
அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.
அவளுக்குச் சிங்களம் தெரியாது.

இடைவேளையில் நஸ்லிமா சீனியைக் கலக்கினாள்.
"இண்டைக்குக் கொஞ்சம் கூடிப் போச்சு சேர்."

வாயில் பதில் வந்து நின்றது.
அதைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு
"எவ்வளவு கூட?" என்று கேட்டேன்.